பண்ணை பூங்காவான பிறகு

கனடாவின் சஸ்கட்டூன் நகரில் விடுமுறை நாளில் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போகலாம் என்று கேட்டால் ‘ஃபாரஸ்ட்ரி ஃபார்ம்’ என்று சொல்வார்கள். பெயரில் காடும் இருக்கிறது, பண்ணையும் இருக்கிறது. போய்ப் பார்த்தால் இரண்டும் இல்லை. விலங்குக் காட்சிசாலை, புல்தரை, பூந்தோட்டம், பழைய வீடு ஒன்று, அப்புறம் மரங்கள். அந்த மரங்களில் ஒரு விசேஷம் உண்டு. பூங்காவுக்கு மரம் வைப்பவர்கள் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கண்ணுக்கு இதமாக வைப்பார்கள். இங்கே பல இடங்களில் கயிறு பிடித்து நட்டதுபோல் மரங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. நிழலுக்கு நட்டவர் இப்படி நட மாட்டார். கணக்குப் பார்க்க நட்டவர்தான் இப்படி நடுவார்.

1913-இல் கனடாவின் மத்திய அரசு தொடங்கிய சதர்லாண்ட் வன நாற்றங்கால் நிலையம் இது. சதர்லாண்ட் அப்போது தனி ஊர். 1956-இல்தான் சஸ்கட்டூனோடு சேர்ந்தது. 1916 முதல் 1965 வரை இந்த நிலையத்திலிருந்து 14.7 கோடி மரக்கன்றுகள் கனடாவின் வடக்குச் சமவெளிப் பண்ணைகளுக்குப் போயின. 1966-இல் நிலம் நகராட்சியின் கைக்கு வந்தது. 1972-இல் காட்சிசாலை திறந்தது. 1990-இல் தேசிய வரலாற்றுத் தலம் என்ற தகுதியும் கிடைத்தது. ஆய்வு நிலையமாக ஐம்பதாண்டு, பூங்காவாகச் சுமார் அறுபதாண்டு. இப்போது அதைப் பண்ணையாக நினைவில் வைத்திருப்பவர்களைவிடக் கரடி பார்த்த இடமாக நினைவில் வைத்திருப்பவர்கள்தான் அதிகம் இருப்பார்கள்.

இப்படி மாறிய நிலங்கள் உலகில் பல உண்டு. ஆய்வு நிறுத்தப்பட்ட நிலம் என்ன ஆகிறது? அது பூங்காவாகிப் ‘பாரம்பரியம்’ என்ற பட்டமும் பெற்றால், எதைப் பாதுகாத்துவிட்டோம் என்று பொருள்? சில இடங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது இது: கண்காணிப்பாளர் வீடு பிழைத்துக்கொள்கிறது, மரம் பிழைத்துக்கொள்கிறது. பதிவேடும், அந்த நிலத்தில் குனிந்து வேலை செய்தவர்களும்தான் முதலில் காணாமல் போகிறார்கள்.

சதர்லாண்ட் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கனடாவின் மேற்குச் சமவெளி மரமில்லாத புல்வெளி. 1872-இல் வந்த நிலச் சட்டப்படி 10 டாலர் பதிவுக் கட்டணம் கட்டி 160 ஏக்கர் நிலம் பெறலாம். குறிப்பிட்ட காலம் அங்கே குடியிருந்து, உழுது காட்ட வேண்டும். ஐரோப்பாவிலிருந்தும் கிழக்குக் கனடாவிலிருந்தும் வந்த குடும்பங்கள் அந்த 160 ஏக்கர் நடுவில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு நின்றன. நாலு பக்கமும் காற்று. குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 40 பாகை வரை இறங்கும். அடுப்புக்கு விறகில்லை, கோடையில் நிழலில்லை, உழுத மண்ணைக் காற்று தூக்கிக்கொண்டு போகும். அந்த நிலம் அதற்கு முன் யாருடையதாக இருந்தது என்ற கேள்வி இன்னொரு பெரிய கட்டுரைக்குரியது. பூர்வகுடிகளிடமிருந்து ஒப்பந்தங்கள் வழியாக வாங்கிக்கொண்ட நிலம் அது என்பதை மட்டும் இங்கே மறக்காமல் வைத்துக்கொள்ளலாம்.

மரம் நட்டால் காற்று அடங்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. நம் ஊரில் வாழைத் தோட்டத்தைச் சுற்றிச் சவுக்கு நடுகிறவர்கள் செய்வதும் அதுதான். எந்த மரம் அந்தக் குளிரில் பிழைக்கும் என்பதுதான் தெரியாத கேள்வி. 1901-இல் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. விவசாயி விண்ணப்பிக்கலாம், கன்று இலவசம். ஆனால் முந்தின வருஷமே அந்தத் துண்டு நிலத்தை உழுது, களை எடுத்து, தரிசாகப் போட்டு ஈரம் சேர்த்து வைத்திருக்க வேண்டும். ஆய்வாளர் ஒருவர் நேரில் வந்து பார்ப்பார். மண் சரியாக இல்லையென்றால் கன்று கிடையாது. இலவசத்துக்கு இப்படி ஒரு கடிவாளம் போட்டதால்தான் கன்றுகள் பிழைத்தன என்று தோன்றுகிறது. இந்தத் திட்டத்துக்காக முதலில் இண்டியன் ஹெட் என்ற ஊரிலும், பிறகு சதர்லாண்டிலும் நாற்றங்கால் வைத்தார்கள்.

இந்தக் கதையின் நாயகன் கரகானா என்ற புதர்ச்செடி. சைபீரியாவிலிருந்து வந்தது, பட்டாணிக் குடும்பம், மஞ்சள் பூ. கோடையில் காய் முற்றி வெடிக்கும் சத்தம் கேட்கும். எவ்வளவு குளிர்ந்தாலும் சாகாது, எவ்வளவு காய்ந்தாலும் சாகாது. அதோடு மனிடோபா மேப்பிள், பச்சை ஆஷ், வில்லோ, ஸ்புரூஸ், பைன் என்று பலவும் போயின. 1930-களில் வறட்சியும் புழுதிப் புயலும் சமவெளியைப் பிய்த்து எறிந்தபோது, வீட்டைச் சுற்றி மட்டும் நட்டால் போதாது, வயலின் குறுக்கேயும் மரவரிசை வேண்டும் என்று ஊர் ஊராகச் சங்கம் வைத்து நட்டார்கள். 1942-இலிருந்து நிலையம் மூடும்வரை கண்காணிப்பாளராக இருந்த லெஸ் கெர் அலங்கார ஆப்பிள் வகைகளை ஒட்டுச் சேர்த்துப் பார்ப்பதில் பித்துப்பிடித்த மனிதர். கருஞ்சிவப்பு இலை கொண்ட ‘ராயல்டி’ என்ற அலங்கார ஆப்பிள் அவர் கொடுத்தது. நிமிர்ந்து வளரும் கரகானா வகை ஒன்று இன்றைக்கும் ‘சதர்லாண்ட்’ என்ற பெயரிலேயே நர்சரிகளில் விற்கிறது.

ஒரு முரண் இங்கே இருக்கிறது. இந்த நிலையம் செய்து முடித்த வேலை வேலிக்கு வெளியே இருக்கிறது. 14.7 கோடி கன்றுகளும் நூற்றுக்கணக்கான மைல் தள்ளி யார் யாருடைய வயலிலோ நின்றன. வேலிக்குள்ளே நிற்பவை நிலையம் தனக்கென்று நட்டுக்கொண்டவையும் சோதித்துப் பார்த்தவையும். தேசிய வரலாற்றுத் தலம் என்ற பட்டம் இந்த மிச்சத்துக்குக் கிடைத்திருக்கிறது. வெளியே போனவற்றுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. சமவெளியில் இப்போது விதைக்கும் இயந்திரங்கள் அகலமானவை. மரவரிசை குறுக்கே நின்றால் திருப்ப முடிவதில்லை என்று பல விவசாயிகள் வேரோடு பிடுங்கித் தள்ளுகிறார்கள். உழாமல் விதைக்கும் முறை வந்த பிறகு மண் பறப்பதும் குறைந்துவிட்டதால், மரவரிசைக்கு அவசியம் போய்விட்டது என்பது அவர்கள் வாதம். கரகானாவையே களை என்று சொல்கிற இடங்களும் உண்டு. 60 கோடிக்கும் மேல் கன்று கொடுத்த அந்தத் திட்டத்தையே 2013-இல் அரசு நிறுத்திவிட்டது. சஸ்கட்டூன் பூங்காவில் வரிசை அப்படியே நிற்க, அந்த வரிசை எதற்கு மாதிரியோ அது வெளியே அழிந்துகொண்டிருக்கிறது. பாரம்பரியப் பூங்கா என்பது சில சமயம் இப்படித்தான்: ஊரெல்லாம் திண்ணையை இடித்துவிட்டு அருங்காட்சியகத்தில் ஒரு திண்ணை கட்டி வைப்பது போல.

ஆய்வு நிலையங்கள் ஏன் மூடப்படுகின்றன? கேள்விக்குப் பதில் கிடைத்துவிடுவது ஒரு காரணம். நகரம் வளர்ந்து நிலத்தின் விலை ஆய்வின் மதிப்பைத் தாண்டிவிடுவது இன்னொரு காரணம். சென்னைக்காரர்களுக்குச் சைதாப்பேட்டை என்றால் பாலமும் நீதிமன்றமும் நினைவுக்கு வரும். அங்கே 1860-களில் அரசு சோதனைப் பண்ணை ஒன்று வைத்து, அதை ஒட்டி வேளாண் பள்ளியும் நடத்தியது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1906-இல் பள்ளி கோயம்புத்தூருக்குப் போய், இன்றைய தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. சைதாப்பேட்டைப் பண்ணையை நகரம் விழுங்கிவிட்டது. பூங்காவாகும் அதிர்ஷ்டம் எல்லாப் பண்ணைக்கும் வாய்ப்பதில்லை.

இயற்கையே மூடி வைப்பதும் உண்டு. பீகாரில் பூசா என்ற ஊரில் 1905-இல் ஏகாதிபத்திய வேளாண் ஆய்வு நிறுவனம் தொடங்கியது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர் கொடுத்த நன்கொடைதான் முதல். கோதுமையில் பூசா 4, பூசா 12 போன்ற வகைகளை ஆல்பர்ட் ஹாவர்டும் அவர் மனைவி கேப்ரியலும் அங்கே உருவாக்கினார்கள். 1934 ஜனவரி 15-இல் வந்த நிலநடுக்கத்தில் கட்டடம் சிதைந்தது. 1936-இல் நிறுவனம் டெல்லிக்கு இடம் மாறியது. மாறும்போது ஊரின் பெயரையும் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். இன்று டெல்லியில் அந்த வளாகமே பூசா. பாசுமதிப் பையில் அச்சாகும் ‘பூசா’வும் அந்தப் பீகார்க் கிராமம்தான். நம் விவசாயிகள் வாயில் ‘ஆடுதுறை முப்பத்தாறு’, ‘அம்பை பதினாறு’ என்று ஊர்ப்பெயர் நெல்லாக வழங்குவதும் இப்படியே. ஆய்வு நிலையத்துக்கு விதை போன்ற நினைவுச்சின்னம் வேறில்லை. கல்வெட்டைப் பத்துப் பேர் படிப்பார்கள். விதையை வருஷா வருஷம் ஆயிரம் பேர் முளைக்க வைக்கிறார்கள்.

தமிழர்களுக்கு மிக நெருக்கமான கதைக்கு வருகிறேன். கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும் ரயில் பாதையில் கம்பஹா இருக்கிறது. அதன் பக்கத்தில் ஹெனரத்கொட தாவரவியல் தோட்டம். குடும்பமாக வந்து உட்காருவதற்கும், பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா வருவதற்கும் நல்ல இடம். 1876-இல் அது ஒரே ஒரு வேலைக்காகத் தொடங்கப்பட்டது: ரப்பர் நாற்றுகளை வளர்ப்பது. அந்த வருஷம் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை சுமார் 2,700. அவற்றில் 1,900-க்கும் மேற்பட்ட நாற்றுகளைக் கண்ணாடி பதித்த வார்டியன் பெட்டிகளில் வைத்து இலங்கைக்குக் கப்பலேற்றினார்கள். இலங்கையில் முன்பே இருந்த பேராதனைத் தாவரவியல் தோட்டம் மலைப்பக்கம். ரப்பருக்குத் தாழ்நில வெக்கையும் மழையும் வேண்டும். அதனால்தான் ஹெனரத்கொட. 1881-இல் அங்கே ரப்பர் பூத்தது. அந்த மரங்களின் விதை பிறகு இந்தியாவுக்கும் மலாயாவுக்கும் போனது. அங்கிருந்த இரண்டாம் எண் மரம் கொடுத்த பாலின் அளவு ரப்பர் ஆய்வு உலகில் வெகுகாலம் பேசப்பட்டது.

அந்த ‘இரண்டாம் எண்’ என்ற சொல்லில்தான் என் கண் நிற்கிறது. மரத்துக்கு எண் கொடுத்து, ஒவ்வொரு நாளும் வடிந்த பாலை நிறுத்து, ஏட்டில் எழுதியதால்தான் அந்த மரம் மற்ற மரங்களிலிருந்து வேறானது. ஏடு இல்லையென்றால் அதுவும் ஒரு மரம், அவ்வளவே. பூங்காவில் ‘ஆசியாவின் முதல் ரப்பர் மரங்கள் நின்ற இடம்’ என்று சொல்வது எளிது. முதல் என்பது ஒரு விபத்து. எந்த மரம் அதிகம் கொடுக்கிறது, ஏன், அதன் விதையும் அப்படியே கொடுக்குமா என்று கேட்டதுதான் ஆய்வு. அந்தக் கேள்வியை ஒரு பலகையில் எழுத முடியாதா என்ன?

சிங்கப்பூருக்கு 1877-இல் 22 நாற்றுகள் போயின. அங்கே தாவரவியல் தோட்டத்தை ஒட்டி 1879-இல் ‘பொருளாதாரத் தோட்டம்’ என்று ஒன்று அமைத்தார்கள். பணம் தரும் பயிர்களைச் சோதிக்கும் நிலம். 1888-இல் இயக்குநராக வந்த ஹென்றி ரிட்லி ரப்பரே கதி என்று இருந்தார். காப்பி நடும் துரைமார்கள் அவரைப் ‘பைத்தியக்கார ரிட்லி’ என்றார்கள். அவர் செய்த முக்கியமான காரியம் மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறை. அமேசானில் கோடாரியால் கொத்திப் பால் எடுத்ததில் மரம் புண்பட்டுச் செத்தது. பால்குழாய்கள் பட்டையின் உட்பகுதியில் ஓடுகின்றன; அதற்கும் உள்ளே இருக்கும் வளர்படலத்தைத் தொடாமல் மெல்லிய சீவலாக எடுத்தால் பட்டை மறுபடி வளரும்; பழைய வெட்டையே மறுநாள் திறந்து கொஞ்சம் சீவினால் பால் இன்னும் அதிகமாக வரும். மீன்முள் வடிவத்தில் வெட்டும் முறை அங்கே உருவானது. அதிகாலையில் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் குறையும் என்பதும் அப்படிச் சோதித்து அறிந்ததுதான். 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் என்ற சீனர் முதல் வணிகத் தோட்டத்தைப் போட்டார். கார் டயர் வந்தது. 1917-க்குள் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்திலிருந்து 70 இலட்சத்துக்கும் மேல் விதைகள் போயிருந்தன. 1920-இல் உலக ரப்பரில் பாதி மலாயாவிலிருந்து வந்தது.

அந்த ரப்பரைச் சீவியவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். கங்காணி சொல்லைக் கேட்டு ஊரைவிட்டுக் கப்பலேறியவர்கள். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிடும் வரிசைக்கு, நின்று, தங்கள் நிரைக்குப் போய், மரம் மரமாகப் பால் பிடிக்கும் மங்கைத் துடைத்து வைத்து, வெயில் ஏறுமுன் சீவி முடித்தவர்கள். ஆய்வுத் தோட்டத்தில் ஒருவர் கடிகாரமும் அளவுக் குடுவையும் வைத்துக்கொண்டு கண்ட உண்மை, அங்கிருந்து எத்தனையோ மைல் தள்ளிப் பல தலைமுறைத் தமிழ்ப் பெண்கள் எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்று தீர்மானித்துவிட்டது. கைப்பிள்ளையை ஆயா பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகையில் விட்டுவிட்டு இருட்டில் நடந்தவர்களுக்கு ரிட்லி என்ற பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை.

அந்தப் பொருளாதாரத் தோட்டத்தின் பெரும்பகுதியை 1920-களில் ராஃபிள்ஸ் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார்கள். பயிர் நின்ற இடத்தில் பட்டதாரிகள் வந்தார்கள். மிச்சத் தோட்டம் ஆர்க்கிட் மலருக்கும், பிறகு சிங்கப்பூரையே பச்சையாக்கும் திட்டத்துக்கும் போனது. 2015-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியத் தலமாக ஏற்றது. சிங்கப்பூரின் முதல் தலம் அதுவே. முதல் ரப்பர் மரங்கள் நின்ற இடத்துக்கு ஒரு நினைவுக்குறி இருக்கிறது. பரவாயில்லை, நன்றாகவே காப்பாற்றியிருக்கிறார்கள் என்று சொல்லலாம். தோட்டக்கலைப் பாரம்பரியம் என்ற அளவில் அதில் குறைசொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த நிலத்தில் பிறந்த அறிவின் எடையை யார் தோளில் சுமந்தார்கள் என்று கேட்டால், தோட்டத்தின் எல்லை போதாது. தொழிலாளர் குடியிருந்த லயங்களையும் தோட்டப்புறத்துக் கோயில்களையும் தமிழ்ப்பள்ளிகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை முழுசாகும். மலேசியாவில் அந்தத் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் மாறிவிட்டன. ஆய்வுத் தோட்டத்துக்கு உலகப் பட்டம் கிடைத்தது. ஆய்வைக் கையால் செய்து காட்டிய தோட்டத்துக்குப் புல்டோசர் கிடைத்தது.

காலனி ஆய்வின் முகத்தை மறைக்க முடியாத பூங்கா ஒன்று பாரிஸின் கிழக்கு ஓரத்தில், வென்சென் வனத்தில் இருக்கிறது. 1899-இல் பிரெஞ்சு அரசு அங்கே ‘காலனிச் சோதனைத் தோட்டம்’ தொடங்கியது. காப்பி, கோக்கோ, வனிலா, ரப்பர் கன்றுகளைக் கண்ணாடி வீட்டில் பெருக்கி ஆப்பிரிக்கக் காலனிகளுக்கு அனுப்பினார்கள். 1907-இல் அங்கேயே காலனிக் கண்காட்சி நடந்தது. இந்தோசீனா, மடகாஸ்கர், காங்கோ என்று மாதிரிக் கிராமங்கள் கட்டி, அவற்றில் அந்நாட்டு மனிதர்களையே குடிவைத்துக் காட்டினார்கள். செடிக்கு வைத்த பெயர்ப்பலகையை மனிதருக்கும் வைத்ததுபோல. முதல் உலகப்போரில் அதே இடம் காலனிப் படைவீரர்களுக்கு மருத்துவமனையானது. 1916-இல் மரத்தாலான மசூதி ஒன்று எழுந்தது. போருக்குப் பின் கம்போடிய, லாவோஸ், வியத்நாம், மடகாஸ்கர், ஆப்பிரிக்க வீரர்களுக்கு நினைவுச்சின்னங்கள். பிறகு நீண்ட மறதி. வியத்நாமியக் கோயில் 1984-இல் எரிந்தது. கூரை இடிந்த கூடங்களுக்குள் மூங்கில் புகுந்தது.

பாரிஸ் நகராட்சி 2003-இல் அந்த நிலத்தை வாங்கி, பின்னர் பூங்காவாகத் திறந்தது. 1974-இல் சூழலியல் பேசி அதிபர் தேர்தலில் நின்ற முதல் வேட்பாளரான வேளாண் அறிஞர் ரெனே துமோனின் பெயரை வைத்தார்கள். எல்லாவற்றையும் பளபளவென்று புதுப்பிக்கவில்லை. இந்தோசீனக் கூடத்தைச் சீரமைத்தார்கள்; மற்றவற்றில் பல பாதி சிதிலமாகவே விடப்பட்டன. பணமில்லாததும் காரணமாக இருக்கலாம், தயக்கமும் காரணமாக இருக்கலாம். எனக்கு அந்தச் சிதிலமே பொருத்தமாகத் தோன்றுகிறது. மனிதரைக் காட்சிக்கு வைத்த கூடத்தை அழகாகப் பூசி முடித்து, அதன் முன் கல்யாணப் படம் எடுக்க இடம் கொடுப்பதைவிடப் பாசி படிந்த சுவரை அப்படியே விட்டு வைப்பதில் ஒரு நாணயம் இருக்கிறது. அந்த வளாகத்தில் வேளாண் ஆய்வு அலுவலகங்கள் சில இன்னும் இயங்குகின்றன, பழைய நூலகமும் இருக்கிறது. பூங்காவும் ஏடும் ஒரே வேலிக்குள் கிடைப்பது அபூர்வம்.

அமெரிக்காவின் ஜார்ஜியாவில் சவான்னாவுக்குப் பக்கத்திலுள்ள ‘மூங்கில் பண்ணை’யைப் பற்றிச் சுருக்கமாக. 1890 வாக்கில் ஒரு பண்ணை வீட்டில் நட்ட மூன்று ஜப்பானிய மூங்கில்கள் தோப்பாகப் பெருகின. அந்தத் தோப்பை வெட்டிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டுத் தாவர வேட்டைக்காரர் டேவிட் ஃபேர்சைல்டின் புரவலர் பார்பர் லாத்ராப் 1919-இல் நிலத்தை வாங்கி, ஒரு டாலருக்கு வேளாண் துறையிடம் கொடுத்தார். மூங்கிலைக் காகிதக்கூழுக்கும் தளிர் உணவுக்கும் சோதித்தார்கள். ஆய்வு நின்ற பிறகு 1980-களில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்திடம் வந்து, இன்று ஊர்மக்கள் வரும் தாவரவியல் தோட்டம். அமெரிக்க வேளாண் துறை 1898-இலிருந்து வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு விதைக்கும் செடிக்கும் தொடர் எண் போட்டு வருகிறது. முதல் எண் ரஷ்யாவிலிருந்து வந்த ஒரு முட்டைக்கோசுக்கு. அப்படி எண் உள்ள மூங்கில் எங்கிருந்து, எந்த வருஷம், யார் கையால் வந்தது என்று இன்றும் தேடிப் பிடிக்கலாம். எண் தொலைந்த மூங்கில் வெறும் அழகு.

பதிவேடு, பதிவேடு என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டட்டில் பிராட்பால்க் என்ற வயலில் 1843 முதல் கோதுமை விதைக்கிறார்கள். ஒரு துண்டுக்குத் தொழுவுரம், இன்னொன்றுக்கு இரசாயன உரம், வேறொன்றுக்கு எதுவுமே கிடையாது. அந்த ‘எதுவுமே கிடையாது’ துண்டு இன்றும் அப்படியே. ஒவ்வொரு அறுவடையிலும் கொஞ்சம் தானியமும் வைக்கோலும், அவ்வப்போது மண்ணும் எடுத்துப் புட்டியில் அடைத்து வைத்தார்கள். பின்னாளில் அந்தப் பழைய கோதுமையிலிருந்து நோய்ப் பூஞ்சைகளின் மரபணுவைப் பிரித்தெடுத்து, எந்தப் பூஞ்சை எந்தக் காலத்தில் ஓங்கியது என்று பார்த்தபோது, ஆலைப்புகையிலிருந்த கந்தகம் காற்றில் ஏறி இறங்கியதோடு அது பொருந்திப் போனது. 1843-இல் புட்டியில் போட்டவருக்கு மரபணு என்ற சொல்லே தெரியாது. அதே வயலின் ஒரு ஓரத்தை 1882-இல் அறுக்காமல் விட்டார்கள், என்னதான் ஆகிறது பார்ப்போம் என்று. இன்று அதில் ஒரு பகுதி மரங்கள் அடர்ந்த காடு. பூங்காவாக மாற்ற யாரும் திட்டம் போடவில்லை. விட்டுவிடுவதையே ஒரு சோதனையாக எழுதி வைத்தார்கள், அவ்வளவுதான்.

நம்மிடமும் இப்படி ஒன்று இருக்கிறது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் நிரந்தர உரச் சோதனை வயல் 1909-இல் தொடங்கியது. நூறு வருஷத்துக்கு மேலாக ஒரே துண்டுக்கு ஒரே உரம். இதற்கு முன்னால் நின்று படமெடுத்துக்கொள்ள யாரும் வருவதில்லை. பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை என்பது உண்மைதான். சில வரப்புகள், பயிர் கொஞ்சம் தளர்ந்தும் கொஞ்சம் செழித்தும். இந்தியாவின் வேளாண் பாரம்பரியத்தில் இதைவிட மதிப்புள்ள சில சென்ட் நிலம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பாரம்பரியம் என்றால் கோபுரமும் தூணும்தான் என்று பழகிய கண்ணுக்கு வரப்பு தென்படாது.

ஆகையால், மூடப்பட்ட பண்ணையை ஊர்ப் பூங்காவாக்க நினைப்பவர்கள் முதலில் போக வேண்டிய இடம் அலமாரி. எந்த வரிசையில் என்ன நட்டார்கள், எங்கிருந்து வந்தது, எத்தனை செத்தன, சம்பளப் பட்டியலில் யார் யார் பெயர் இருந்தது. இவை கிடைத்தால், தோற்றுப்போன சோதனைக்கும் ஒரு பலகை வைக்கலாம். சாகாமல் பிழைத்த ஒரு மரத்தைப் பார்க்கிறவனுக்கு, அதன் பக்கத்தில் செத்துப்போன நாற்பதைச் சொன்னால்தான் அது ஏன் அங்கே நிற்கிறது என்று விளங்கும். களை எடுத்தவர்களும் கன்று கட்டியவர்களும் உயிரோடிருந்தால் அவர்களையோ, அவர்கள் பிள்ளைகளையோ உட்காரவைத்துக் கேட்கலாம். பெரும்பாலான நிலையங்களில் அந்த வேலையைச் செய்தவர்கள் சுற்றுவட்டாரக் கிராமத்தார்தான். அலமாரி ஏற்கெனவே பழைய பேப்பர் கடைக்குப் போயிருந்தால் மரங்களுக்கு விளக்குமாலை போட்டுப் பூங்கா நடத்த வேண்டியதுதான். அதிலும் தப்பில்லை, ஊருக்கு நிழல் வேண்டும். பாரம்பரியம் என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் அளந்து போடலாம்.

கடைசியாக இல்லினாய் மாநிலத்து அர்பானாவில் ஒரு மக்காச்சோள வயல். 1876-இல் அங்குள்ள பல்கலைக்கழகம் தொடங்கிய மாரோ சோதனை வயல் அது. முதலில் பத்துத் துண்டுகள். வளாகம் வளர வளர மூன்றே மிஞ்சின. சுற்றிலும் செங்கல் கட்டடங்கள் எழுந்தன. 1960-களில் பக்கத்தில் நூலகம் கட்ட வேண்டி வந்தது. உயரமாகக் கட்டினால் நிழல் விழும்; நிழல் விழுந்தால் தொண்ணூறு வருஷக் கணக்கு கெட்டுப்போகும். நூலகத்தைப் பூமிக்கடியில் கட்டினார்கள். 1968-இல் வயலுக்குத் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதி கிடைத்தது, 1969-இல் நூலகம் திறந்தது. அந்த நூலகத்தை 2022-இல் மூடிவிட்டார்கள். ஆவணக் காப்பகமாக மாற்ற முடிவெடுத்தார்கள். மேலே மக்காச்சோளத்தை இந்த வருஷமும் விதைப்பார்கள்.